குண்டுவுக்கும் மணிக்கும் எட்டுக் கூறு

1

குண்டுவும் மணியும் எங்கள் வீட்டுக்கு வந்து இந்த ஆடியோடு ஒரு வருடம் ஆகிறது. காலையில் என் மகள் கயல் கேழ்வரகுக் களியில் வெல்லம் போட்டுக் கிண்டி இருவருக்கும் கொண்டுபோய் வைத்தாள். குண்டு தன் பங்கை முடித்துவிட்டு மணியின் பங்கிலும் வாயை வைத்தான். மணி ஒரு முட்டு முட்டினாள். விழா அத்துடன் முடிந்தது.

மலேசியாவில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், புஷ்பாவுக்கு இரட்டைப் பிள்ளையா, சொல்லவே இல்லையே என்று கைப்பேசியை எடுக்க வேண்டாம். இரண்டும் பன்றிகள். பண்ணையில் வளர்க்கிற வெண்பன்றிகள். நின்றால் என் இடுப்பு உயரம் வருகிறார்கள், படுத்தால் ஆளுக்கொரு கட்டில் இடம் வேண்டும்.

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், புதுச்சேரியில் பாகூருக்குப் பக்கத்தில் இருக்கும் செலியமேட்டுக்கு வந்தது என் கணவர் குமரவேலால். அங்கே ஈப்போ நகரில் ஓர் உணவகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். மாமனார் இறந்ததும், நிலத்தை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு நான்தான் வீராப்பாக, "போய்ப் பார்த்துக்கொள்வோம், அதுவும் தமிழ் ஊர்தானே" என்றேன். அப்போது கயல் கைக்குழந்தை.

தமிழ் ஊர்தான். ஆனால் வந்த புதிதில் எதிரில் வருகிறவர்களை எல்லாம் நம் ஊர் வழக்கப்படி "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். ஒரு பெரியவர் நின்று யோசித்து, "எனுக்கு இன்னா கொறச்சல், பசியில கெடக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடையில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பு. தெருவில் எனக்குப் பெயரே இல்லை. மலேசியாக்காரி, மலேசியாம்மா, அவ்வளவுதான். என் மாமியாரே, அத்தை என்று நான் கூப்பிடுகிற அலமேலு அம்மாள், பக்கத்து வீட்டில் பேசும்போது "எங்க மலேசியாக்காரி" என்றுதான் சொல்லுவார். வருடத்துக்கு ஒரு முறை விசா நீட்டிப்புக்காக போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வருவார். டீக்கடையில் "மலேசியாக்காரங்க வூடு எது?" என்று அவர் கேட்க, கடையில் இருக்கிற அத்தனை கையும் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் நீளும். மளிகைக்கடைக்காரரும் சொல்லுவார், நாயைக் கேட்டாலும் சொல்லும்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கயலுக்கு அந்தக் கவலை கிடையாது. "இன்னாம்மா, வூட்ல ஒண்ணியும் இல்லியா?" என்று பள்ளிப் பையை எறிகிறவள் அவள். ஈப்போவில் இருக்கும் என் அக்கா பிள்ளைகளோடு காணொளியில் பேசும்போது, அவர்கள் பேச்சில் வருகிற 'லா'வைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். என் ஊர் அவளுக்கு வெளிநாடு. அவளுடைய ஊர் எனக்கு இன்னும் முழுசாக ஊர் ஆகவில்லை. பன்றிகள் வந்தபோது நிலைமை இதுதான்.

2

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு பன்றிப் பண்ணையை மூடிவிட்டு, முதலாளி விலங்குகளை அப்படியே விட்டுப் போய்விட்டார். கடலோரப் பக்கம் ரெஜினா என்ற கால்நடை மருத்துவர் நடத்துகிற சின்னக் காப்பகம் அவற்றில் கொஞ்சத்தை மீட்டது. கயலின் பள்ளியில் இருந்து பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனார்கள். துணைக்கு வந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி.

தோட்டத்தில் நான் படிக்கிற காலத்தில், பள்ளிப் பேருந்துக்கு நிற்கும்போது சீனர் பண்ணையில் இருந்து பன்றி லாரி போகும். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். ஒரு நாள் லாரி எங்கள் முன்னால் நின்றபோது கம்பி இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. வெள்ளை இமை முடியோடு, மனிதக் கண் மாதிரியே, என்னைத்தான் பார்த்தது. அப்புறம் லாரி போய்விட்டது. அவ்வளவுதான் சம்பவம். இத்தனை வருடம் கழித்து ரெஜினாவின் காப்பகத்தில் அதே கண் என்னைப் பார்த்தது. இந்த முறை லாரி இல்லை. மூக்கை என் உள்ளங்கையில் வைத்து ஊதியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ரெஜினா இடம் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். தத்துக் கொடுக்கிறோம் என்றார். நிபந்தனைகள் கொஞ்சம்தான். தனியாக விடக் கூடாது, ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும். விற்கக் கூடாது, வெட்டக் கூடாது. நிழலும் சேறும் வேண்டும், வெள்ளைத் தோல் வெயிலில் சிவந்து உரிந்துவிடும். "சொல்லாம கொள்ளாம வந்து பாப்பேன்மா. சரியில்லன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அங்கே வேலை செய்ய வந்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் நாங்கள் எடுத்த ஜோடிக்கு லூயி, மரி என்று பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே கூப்பிட முடியாது. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அண்ணனின் தாத்தா பெயர் லூயி. கயல்தான் குண்டு, மணி என்று மாற்றினாள்.

குமரவேல், "உனக்குச் சரின்னா எனக்குச் சரி" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான். அத்தை மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"பன்னியா? இந்த வூட்லயா? ஊரு இன்னா சொல்லும் தெரியுமாடி? பன்னிக்கார வூடுன்னு சொல்லும். இதுக்கா உங்க மாமனாரு வூடு கட்னாரு?"

ஊர் என்ன சொல்லும் என்பதில் எத்தனை தலைமுறைக் கசப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாதது இல்லை. பன்றி வளர்க்கிறவர்களை ஊர் எங்கே நிறுத்தி வைத்தது என்பதும் தெரியும். அந்தப் பேச்சுக்கு நான் பணியக் கூடாது என்று தோன்றியது. அன்றிலிருந்து அத்தை கொல்லைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். அந்தப் பக்கத்துக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

முறையாகச் செய்வோம் என்று பாகூரில் ஓர் அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர், ஆனால் குழம்பிப்போனார்.

"விக்கறதுக்காம்மா?"

"இல்லைங்க."

"கறிக்கா? குட்டி எடுக்கறதுக்கா?"

"இல்லைங்க. சும்மா வளர்க்கிறதுக்கு."

"சும்மாவா?" என்று பேனாவை மூடி வைத்தார். "சும்மான்னு எழுத எடம் இல்லியேம்மா." கடைசியில் 'இதர' என்று எழுதினார். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. என் விசாவிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருக்கிறது.

3

இப்போது நான் செய்த பெரிய முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

பன்றிகள் வந்த மறுவாரம் ஆரோக்கியம் அண்ணன் ஓர் அன்னக்கூடை நிறையத் தவிடு கொண்டுவந்தார். அவர் வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்க்காரர். மனைவி வழி நிலத்தைப் பார்க்க இங்கே வந்தவர், ஆகவே என்னைப் போல அரை வெளியூர். "நல்ல சாதிப் பன்னி. நல்லா போடுங்க தங்கச்சி, கொழுக்கட்டும்" என்றார். நான் நெகிழ்ந்துபோனேன். அன்னக்கூடையைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையை நிரப்பிக் கொடுத்தேன். தோட்டத்தில் அம்மா அப்படித்தான் செய்வார். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் மணிலா என்று இங்கே சொல்கிற வேர்க்கடலைப் புண்ணாக்கு, ஒருவர் அரிசி கழுவின தண்ணீரும் வடித்த கஞ்சியும், ஒருவர் அழுகிய மரவள்ளி. ஆரோக்கியம் அண்ணன் பட்டப்பகலில் வருவார். எங்கள் தெருக்காரர்கள் சிலர் விளக்கு வைக்கிற நேரத்தில் முந்தானைக்குள் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு, "நம்ம வூட்ல கொட்றத்துக்கு உங்க பன்னிக்கி போடுங்க" என்று கிசுகிசுத்துவிட்டுப் போவார்கள். ஏன் மறைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. தர்மம் செய்வதை வெளியில் காட்டக் கூடாது என்று நினைக்கிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாத்திரத்திலும் எலுமிச்சையோ, கீரையோ, வாழைப்பூவோ வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

இத்தனை வருடத்தில் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்திருந்தது. வந்தவர்கள் நின்று பேசினார்கள். குண்டுவின் முதுகைத் தட்டி, "இன்னா திம்சு கட்டையா கீறான்" என்றார்கள். சமையல், பிள்ளைகள், மருமகள்கள் எல்லாம் பேச்சில் வந்தன. அக்காவிடம் தொலைபேசியில் பெருமையடித்தேன். இங்கே மனிதர்கள் தங்கம், நான்தான் புரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன் என்றேன்.

அத்தை எல்லாவற்றையும் முன்வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

4

மார்கழி பிறந்தது. ஒரு மாலை ஆரோக்கியம் அண்ணன் வந்து உட்கார்ந்தார். காபி குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, கிறிஸ்துமசுக்கு மொத நாளு வச்சிக்கலாமா? இல்ல பொங்கல் கழிச்சா? ரெண்டையும் ஒண்ணாவா, ஒண்ணு ஒண்ணாவா?"

"எதைண்ணே?"

"பன்னிய."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அண்ணன் பொறுமையாக விளக்கினார். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆடோ பன்றியோ வளர்த்தால், கறியில் கூறு வேண்டும் என்கிறவர்கள் தீனி கொண்டுவந்து கொடுப்பார்கள். கூறு என்றால் இலையில் சரிசமமாகப் பிரித்து வைக்கிற பங்கு. வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் தீனியை வாங்கக் கூடாது. வாங்கிக்கொண்டு, பாத்திரத்திலும் ஏதாவது போட்டுத் திருப்பிக் கொடுத்தால் பேச்சு முடிந்தது, கூறு உறுதி. பன்றிக்கறி தின்பது தெருவுக்குத் தெரியக் கூடாது என்றுதான் சிலர் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு வந்தார்கள். நானோ எட்டு வீட்டுக்குக் கீரையும் எலுமிச்சையும் கொடுத்து உறுதி செய்திருக்கிறேன்.

"வெட்டப் போறது இல்லைண்ணே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தலையைச் சொறிந்துகொண்டு, "எட்டு வூட்டுக்கு நான் இன்னா பதில் சொல்லுவன்? அஞ்சு மாசமா போட்டுக்கீறாங்க. மலேசியாக்காரங்க ஏமாத்திட்டாங்கன்னு ஆயிடுமே தங்கச்சி" என்றார்.

அவர் போனதும் நேராக அத்தையிடம் போனேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா."

"ஏன் அத்தை சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ. தானா வந்த வழியா போயிட்டும்னு பாத்தன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனுக்கு அதுல ஒரு கூறும் வாணாம்டி, நான் துன்ற ஆளு இல்ல. வூடு சுத்தமானா போதும்னு இருந்தன்" என்றார்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வெட்டினால் ரெஜினாவுக்குக் கொடுத்த வாக்குப் போகும், கயல் என்னை மன்னிக்க மாட்டாள், நானே என்னை மன்னிக்க மாட்டேன். காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே இடம் இல்லை. வெட்டாமல் வைத்துக்கொண்டால், இப்போதுதான் திறந்த எட்டு வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். காசாகக் கொடுத்துவிடலாம் என்றார் குமரவேல். அண்ணனிடம் கேட்டதற்கு அவர் முகம் சுருங்கிவிட்டது. "தவுட்ட விக்கவா வந்தோம்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டு வீட்டுக்காரர்களும் எங்கள் வீட்டில் கூடிப் பேசி முடிப்பது என்று ஆனது.

5

ஞாயிறு மதியம் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அத்தை அங்கே நின்றுகொண்டிருந்தார்.

போகப்போகிறவற்றை ஒரு தடவை பார்ப்போம் என்று வந்தாராம். ஆனால் அவர் பன்றிகளைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கொல்லையின் கதையை நான் சொல்ல வேண்டும். அது கோரைப் புல் மண்டிய இடம். கோரையைத் தெரியாத விவசாயி இல்லை. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு இருக்கும், ஒன்றைப் பிடுங்கினால் நாலாக வரும். அத்தை கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அதோடு மல்லுக்கட்டி, மருந்தடித்து, தோற்று, கடைசியில் அங்கே எதுவும் போடாமல் விட்டுவிட்டார். இப்போது பன்றிகள் இருந்த இடம் முழுக்கக் கறுப்பு மண்ணாக இருந்தது. ஒரு பச்சை இல்லை. குண்டு அப்போதும் மூக்கைக் கலப்பை மாதிரி விட்டு உழுது, எதையோ கண்டெடுத்து மொறுமொறுவென்று மென்றுகொண்டிருந்தான். அத்தை மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார். உதிர்த்தார். இன்னொரு இடத்தில் அள்ளினார்.

"கெழங்கோட துன்னுட்டு கீதுங்க" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். ஒரு பெண்மணி நினைவாகப் பாத்திரமும் கொண்டுவந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அத்தை என்னை உட்காரச் சொன்னார்.

"தவுடு வாங்கனது எங்க வூடு. கூறு உண்டு. இல்லேன்னு யாரும் சொல்லல" என்று ஆரம்பித்தார். "மணிலா போடப் போறீங்க இல்ல? உங்க கொல்லையில கோரை கீதா, இல்லியா?"

எல்லா வீட்டிலும் கோரை இருந்தது. இல்லாத நிலம் ஏது?

"வந்து பாருங்க" என்று எழுந்து, அன்று மதியம்வரை ஐந்து மாதமாகக் கால் வைக்காத கொல்லைக்கு ஊரையே கூட்டிக்கொண்டு போனார். "கறிய துன்னா மறுநா இல்ல. இதுங்கள வெச்சிக்கினு கூறு போட்டுக்கலாம். எட்டு வூட்டுக்கும் மொறை. வேலிய நீங்க கட்டுங்க, நெழல் போடுங்க, சேறு கட்டுங்க. உழுது முடிச்சதும் அடுத்த வூட்டுக்குப் போவட்டும். வருசா வருசம் கூறு உண்டு. இஷ்டம்னா சொல்லுங்க."

ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். மண்ணை அள்ளிப் பார்த்தார்கள். பாத்திரம் கொண்டுவந்த பெண்மணி மட்டும், "அப்ப கறி?" என்று கேட்டார்.

"கறி கடையில கெடைக்கிது. கோரை எடுக்க ஆள் கெடைக்கிதா?" என்றார் அத்தை.

முதல் கூறு ஆரோக்கியம் அண்ணனுக்கு விழுந்தது. மறுநாள் காலை நான் தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, குண்டுவும் மணியும் வாளியை விட்டுக் கண்ணெடுக்காமல் பின்னால் வர, செலியமேட்டுத் தெருவில் ஊர்வலம் போனோம். எதிரில் வந்த பேருந்து நின்று வழிவிட்டது. கயல் பள்ளிக்கு நேரமாகிறது என்பதை மறந்து கடைசியில் வந்தாள்.

அந்த வாரமே ரெஜினா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கொல்லை காலியாக இருப்பதைப் பார்த்து அவர் முகம் மாறியது. நான் அவரை அண்ணன் நிலத்துக்குக் கூட்டிப்போனேன். கீற்றுப் பந்தலுக்குக் கீழே சேற்றில் ஊறிக்கொண்டு மணி படுத்திருந்தாள். குண்டு வாயெல்லாம் மண்ணோடு வேலையில் இருந்தான். அண்ணன் வரப்பில் உட்கார்ந்து, யாரும் கேட்காத இடத்தில் அவனோடு பேசிக்கொண்டிருந்தார். ரெஜினா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினார். எங்கள் வாசல் வழியாகத் திரும்பிப் போகும்போது, "இன்னும் ரெண்டு இருக்கு" என்று மட்டும் சொன்னார். அத்தை காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

கிறிஸ்துமசுக்கு அண்ணன் கறி வாங்கி வந்தார், வில்லியனூர்ப் பக்கம் போய். ஆனால் நேர் வழியில் வீட்டுக்கு வரவில்லை. ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "குண்டு பாத்துடுவான் தங்கச்சி" என்றார்.

6

போன வாரம் விசா விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். இந்த முறை புதியவர், சின்ன வயது. நான் கொல்லையில், எட்டு வீட்டு முறையும் முடிந்து திரும்பி வந்திருந்த மணியின் காதில் குளிர்ந்த சேற்றைப் பூசிக்கொண்டிருந்தேன். அவள் காதோரம் வெயிலில் கொஞ்சம் சிவந்திருந்தது. முன்வாசலில் அவர் பேசுவது கேட்டது.

"இன்னாம்மா இது, டீக்கடையில மலேசியாக்காரங்க வூடு எதுன்னு கேட்டன். அப்பிடி யாரும் கெடையாதேன்னு யோசிக்கிறாங்க. அப்பறம் ஒருத்தரு, பன்னிக்கார வூடா பாருங்கன்னு இட்டாந்து வுட்டாரு. இதான் பன்னிக்கார வூடா?"

எந்த வார்த்தை இந்த வீட்டு வாசலில் கேட்டுவிடக் கூடாது என்று அத்தை ஒரு வருடம் முன்னால் வழிமறித்து நின்றாரோ, அதே வார்த்தை, அதே வாசலில். கையில் சேற்றோடு ஓடினேன்.

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாம் சார், பன்னிக்கார வூடுதான். உக்காருங்க."

"மலேசியாக்காரங்கன்னு எழுதிக்கீதே, அது யாரும்மா?"

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். சேற்றுக் கை, தூக்கிச் செருகிய புடவை, தலையில் ஒரு வைக்கோல்.

"அப்பிடி யாரும் இங்க இல்லியே சார்" என்றார். "இது என் மருமவ."